கிட்டவா, யாழ்ப்பாணமா, கொழும்பா: ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு மனம் சரியில்லாதபோது

போன மார்கழியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மாநாடே நடந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய டொக்டரிடம் காட்டச் சொன்னார் பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் இருக்கிற ஒருவரைச் சனல் பண்ணலாம் (காசு கட்டித் தனியாரிடம் நேரம் எடுத்துக் காட்டுவது) என்றார் பக்கத்து வீட்டு ரீச்சர். கனடாவிலிருந்து மாமா வீடியோவில் வந்து, ஒரு தெரப்பிஸ்ற்றைப் பிடித்துத் தருகிறேன், காசைப் பற்றி யோசிக்காதீர்கள் என்றார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு அம்மம்மா எழுந்து போய்விட்டார். யாருக்காக இவ்வளவு பேச்சும் நடந்ததோ, அவன் உள் அறையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். தேத்தண்ணீர் போடப் போன அக்கா திரும்பி வரவே இல்லை.

அவன் அக்காவின் மகன். வயது 16. 2009 இன் கடைசியில், போர் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பிறந்தவன். கதை குறைவு, கதைத்தாலும் தன்னைத் 'தம்பி' என்றுதான் சொல்லுவான். "தம்பிக்குப் பசிக்குது" என்றால் அவனுக்குப் பசிக்கிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் றோட்டில்தான் எங்கள் வீடு. படலைக்கு வெளியே போகும் உழவு இயந்திரம் யாருடையது என்று எட்டிப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். அத்தானுக்கு அதில் ஒரு பெருமை.

ஐப்பசியில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் சில பெடியள் அவனோடு சேர்ந்தார்கள். ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, ஆடச் சொல்லி, வேறு சிலதும் செய்யச் சொல்லி, அதைப் போனில் எடுத்தார்கள். அவன் அவர்களைக் கூட்டாளிகள் என்றே நம்பியிருந்தான். வீடியோ ஊரெல்லாம் சுற்றி அத்தானின் போனுக்கும் வந்தது. அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. சோறு இறங்கவில்லை. இரவில் நித்திரை இல்லை. மணிக்கட்டைக் கடித்துக் கடித்துத் தழும்பாக்கினான். உழவு இயந்திரம் போனாலும் பேர் சொல்லவில்லை. நாங்கள் ஏழு கிழமை பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டிசம் என்றால் இப்படித்தானே என்று எங்களுக்கு நாங்களே சொன்னோம். ஒருநாள் இரவு "தம்பி முடிஞ்சுது, தம்பி இனி வேண்டாம்" என்றான். அடுத்த நாள்தான் அந்த விறாந்தை மாநாடு.

வன்னியில் ஒரு பிள்ளையின் கஷ்டத்தை மறைக்க இரண்டு போர்வைகள் கைவசம் இருக்கின்றன. ஒன்று சண்டை, 2009 இல் முடிந்த போர். அவன் ஆறு வயது வரை கதைக்காமல் இருந்தபோது, "சண்டைக்குள்ளால வந்த பிள்ளை, கதை பிந்தித்தான் வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் ஓட்டிசம் என்று கண்டுபிடிக்கவே பிந்தியது. ஓட்டிசம் சண்டையால் வருவதில்லை. மூளை வளர்கிற விதத்தில், பிறப்புக்கு முன்பே தொடங்குவது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது போர்வை, ஓட்டிசம் என்ற பெயரே. பெயர் கிடைத்த நாளிலிருந்து எது நடந்தாலும் அதன்மேல் போட்டுவிடுகிறோம். உண்மையில் ஓட்டிசமுள்ள இளவயதுப் பிள்ளைகளுக்குப் பதகளிப்பும் மனச்சோர்வும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வருகின்றன. சாக வேண்டும் என்ற எண்ணமும் அப்படித்தான். அழுதுகொண்டு வந்து "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். உயிராக நேசித்த ஒன்றை விடுவார்கள். எங்கள் வீட்டில் அது உழவு இயந்திரம். உங்கள் வீட்டில் பஸ் நம்பராக இருக்கலாம், மின்விசிறியாக இருக்கலாம்.

இனி வழிகள். முதலில் கொழும்பைப் பற்றிச் சொல்கிறேன், பெரியப்பாவுக்கு நான் கொடுக்காமல் விட்ட பதில் அது. கொழும்பில் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்துக்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த ஆயதி நிலையம் இருக்கிறது. அறிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களிடமிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் பாட்டும் படமும், விடிய வெள்ளவத்தையில் யாரோ ஒருவர் வீட்டில் முகம் கழுவல், பிறகு சிங்களமும் ஆங்கிலமும் ஓடும் ஒரு வரிசை. 'தம்பி' என்று தன்னைச் சொல்லுகிற பிள்ளையின் பேச்சை ஒருவர் மொழிபெயர்க்கத் தொடங்கினால், எந்தத் தம்பி என்ற கேள்வியே முதலில் வரும். பத்து நாள் சாப்பிடாத பிள்ளை அந்தப் பயணத்தின் முடிவில் டொக்டருக்குக் காட்டுவது தன் மனச்சோர்வையா, பஸ்ஸையா? கொழும்பு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலிப்பும் சேர்ந்து வருகிறவர்கள், இரண்டு மூன்று மருந்து பார்த்தும் மாறாதவர்கள், மணிக்கணக்காக ஒரே நிலையில் உறைந்துபோய் நிற்பவர்கள். ஆனால் அதை இங்குள்ள டொக்டர் கடிதம் தந்து அனுப்பட்டும்.

கிட்டிய அரச கிளினிக்கைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. அதற்கு முதல் காரணம் பெயர். 'மனநோய் கிளினிக்' என்ற வரிசையில் நின்றால் மாலைக்குள் சந்தைக்குச் செய்தி போய்விடும். இரண்டாவது, சனம். மூன்றாவது, அங்கே இருப்பவர் பெரும்பாலும் மனநலத்தில் பயிற்சி எடுத்த வைத்திய அதிகாரி. பிள்ளைகளுக்கென்று தனி நிபுணர் இல்லை. இந்த மூன்றும் உண்மைதான். அப்படியிருந்தும் நான் இதற்குத்தான் வாக்குப் போடுவேன். காரணம் சாதாரணம்: கிளிநொச்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போகலாம். முல்லைத்தீவுப் பக்கம் உள்ளவர்களுக்கு மாஞ்சோலை, வவுனியாவில் உள்ளவர்களுக்குப் பொது வைத்தியசாலை. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் தூரம், அது வேறு துயரம்.

கிட்ட இருப்பதால் திரும்பப் போகலாம். ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு முதல் சந்திப்பில் ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் அறையின் நிறம் பழகும். மூன்றாவதில்தான் தாதி மிஸ்ஸின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். ஆகவே எது சிறந்த இடம் என்று கேட்பதைவிட, எந்த இடத்துக்கு ஐந்தாம் முறையும் இவனைக் கூட்டிக்கொண்டு போக எங்களால் முடியும் என்று கேட்க வேண்டும். மருந்தும் இலவசம். கிளினிக்கோடு சேர்ந்த சமூக மனநலத் தாதி வீட்டுக்கும் வரக்கூடியவர். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சனத்தை என்ன செய்வது? நாங்கள் செய்தது இது. அத்தான் விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்தார். நான் ஒரு நாள் முன்னதாகவே போய் வாசல், வாங்கு, அறைக்கதவு, டொக்டரின் கதிரை எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வந்தேன் (ஆட்கள் யாரும் விழாமல்). இரவு அந்தப் படங்களை அவனுக்கு வரிசையாகக் காட்டினோம்: இது வாசல், இது வாங்கு, இது கதவு, பிறகு வீடு. மிஸ்ஸிடம் சொல்லிவைத்தோம், எங்கள் முறை வரும்போது ஒரு கோல் எடுங்கள் என்று. அதுவரை அவன் மர நிழலில் ஓட்டோவுக்குள் காதை மூடும் ஹெட்போனோடு இருந்தான். மிஸ் முகம் சுளிக்கவில்லை. கேட்டால் கிடைக்கிற சலுகை இது. கேட்காதவரை யாருக்கும் தோன்றுவதில்லை.

டொக்டருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கும் என்று தெரிந்ததால் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவன் வழமையாக எப்படி, என்ன மாறியது, எந்தக் கிழமையிலிருந்து, நோவு இருந்தால் எப்படிக் காட்டுவான், எது அவனை ஆற்றும், என்ன மருந்து எடுத்தான். கடைசி வரியில் அவன் சொன்ன வசனத்தை அப்படியே எழுதினேன். அவனுக்கு முன்னால் அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, தாளை நீட்டியது நல்லதாகப் போயிற்று. டொக்டர் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. இந்தக் கேள்வியை ஓட்டிசமுள்ள பலரால் பிடிக்கவே முடியாது. உள்ளே இருப்பதற்குச் சொல் தேடுவதே அவர்களுக்குப் பெரிய வேலை. பிறகு அவர் தாளில் ஐந்து முகம் கீறி, எந்த முகம் என்று கேட்டார். அவன் ஒன்றையும் தொடாமல், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தின் வெறுமையைக் காட்டினான். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பத்து நிமிடக் கணக்கு இருக்கவில்லை.

அவர் கேட்ட இன்னொன்று எங்கள் யாருக்கும் தோன்றாதது: பல்லைப் பார்த்தீர்களா? கதை குறைந்த பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டுமாம். பல், காது, மலச்சிக்கல், வலிப்பு. ஓட்டிசத்தோடு வலிப்பு தொடங்கும் வயதுகளில் இந்த வயதும் ஒன்று. பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று வேர் வரை சொத்தை. சோறு இறங்காததில் பாதி அதுதான். மற்றப் பாதி மனம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி.

இதற்கு முன்னம் ஒரு பிழை விட்டிருந்தோம், அதையும் எழுதியே ஆகவேண்டும். மாநாடு முடிந்த கையோடு, அவசரத்தில், ஒரு தனியார் இடத்தில் ஒருவரைச் சனல் பண்ணிப் போனோம். இடம் அமைதியாகத்தான் இருந்தது, நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டிசம் என்றதும் அவர் தலையாட்டி, கடிக்கிறானா என்று கேட்டு, குளிசை எழுதித் தந்தார். நிறை பார்க்கவில்லை. ஏன் கடிக்கிறான் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் அவன் மாலை வரை எழும்பவில்லை. பிழை அவருடையது மட்டுமல்ல. நாங்களும் "கடிக்கிறான்" என்று மட்டும் சொன்னோம், "முடிஞ்சுது" என்றதைச் சொல்ல வெட்கப்பட்டோம். சனலில் நல்லது உண்டு. பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பவரே பல இடங்களில் பின்னேரம் அங்கே இருப்பார்; ஆறுதலாகக் கதைக்கலாம்; ஊர் பார்க்காது. ஆனால் அங்கே வீட்டுக்கு வரும் தாதி இல்லை, வருத்த விபரமெல்லாம் எழுதி வைக்கும் கிளினிக் கொப்பி இல்லை. இரண்டு இடத்திலும் காட்டுகிறவர்கள், இரண்டு மருந்துத் துண்டையும் ஒருவர் கண்ணில் படவைக்காவிட்டால், ஒரே வகை மருந்தைப் பேர் மாறி இரட்டிப்பாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மருந்தைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவு உங்கள் டொக்டருடையது. ஓட்டிசத்தை மாற்றும் குளிசை எதுவும் இல்லை. அதிகம் எழுதப்படும் ரிஸ்பெரிடோன், ஓட்டிசமுள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் என்று அமெரிக்காவில் 2006 இல் அனுமதிக்கப்பட்டது. அது மனச்சோர்வுக்கான மருந்து அல்ல. நிறை கூட்டும், நித்திரையாக்கும். இந்த வகை மருந்துக்குப் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி (2013) சொல்லும் கணக்கு எனக்குப் பிடித்தது: மூன்று நான்கு கிழமையில் பலனையும் பக்கவிளைவையும் பார், ஆறு கிழமையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையென்றால் நிறுத்து. ஆகவே துண்டை வாங்கும்போதே, "இது எதற்கு, எப்போது பார்ப்பீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். மனச்சோர்வுக்கு ஃபுளூஒக்செற்றின் போன்றது தொடங்கினால் முதல் சில கிழமைகள் பிள்ளையின்மேல் ஒரு கண் கூடுதலாக இருக்க வேண்டும். இளவயதினரில் சிலருக்கு அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எதையும் நாங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது.

யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போனோம், கிளினிக் டொக்டரின் கடிதத்தோடு. ஆனையிறவைத் தாண்டி அறுபது கிலோமீற்றர் சொச்சம். பஸ்ஸில் அல்ல, தெரிந்தவரின் வானில், பாட்டுப் போடாமல். போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழையில் உள்ள மனநலப் பிரிவும், மருத்துவ பீடத்தின் உளமருத்துவத் துறையும் இருப்பதால் வடக்கில் ஆழமான அறிவு சேர்ந்திருக்கும் இடம் அதுதான். பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்று சேர்த்துப் பார்க்கலாம். எல்லாம் தமிழில். முழுநாள் எடுத்தது. வந்த பிறகு இரண்டு நாள் அவன் கதைக்கவில்லை. ஆனாலும் பிரயோசனமான நாள், ஏனென்றால் என்ன செய்ய வேண்டும் என்ற முழுத் திட்டமும் ஒரு கடிதமாகக் கையில் வந்தது, அதை எங்கள் கிளினிக்கில் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் யாழ்ப்பாணம் என்றிருந்தால் மூன்றாம் மாதம் நாங்கள் விட்டிருப்போம். ஆட்களைப் பார்த்திருக்கிறேன், விட்டவர்களை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு நல்ல மனம், ஆனால் நாளுக்கு ஆறு பாடம். அவரிடம் அக்கா அழுது சொன்னது அடுத்த நாள் ஆசிரியர் அறையில் தேத்தண்ணீரோடு பரிமாறப்பட்டது. சிகிச்சைக்கான இடமாகப் பள்ளிக்கூடத்தை நம்ப வேண்டாம். ஆனால் அங்கே கேட்டு வாங்க வேண்டியவை உண்டு: அந்தப் பெடியள் அவனை நெருங்காமல் பார்ப்பது, சத்தம் கூடினால் போய் இருக்க ஒரு மூலை, கொஞ்ச நாளைக்கு அரை நாள் பள்ளி.

எதிர்பாராமல் கைகொடுத்தது பிரதேச செயலகம். அங்கே மானியத்துக்கும் சான்றிதழுக்கும் மட்டும்தான் போவது என்று இருந்தோம். உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அங்கேதான் இருக்கிறார்கள். வீடியோ விசயத்தில், 1929 என்ற போன் இலக்கத்தில்தான் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிப்பது என்று சொன்னது இரண்டாமவர். அவரே கூட நின்று, பிள்ளையை நூறு பேர் முன்னால் விசாரிக்காமல் பார்த்துக்கொண்டார். முதலாமவர் வீட்டுக்கு வந்தார். உளவளத்துணை உத்தியோகத்தர்களின் பயிற்சியும் அனுபவமும் பெரும்பாலும் இழப்பில் வாடும் பெரியவர்களோடு. உட்கார்ந்து, மனதில் இருப்பதைச் சொல்ல வைத்து, கேட்பது. எங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவராது என்று நான் முன்கூட்டியே சொன்னேன். அவர் சரி என்றார். முதல் நாள் மாமரத்தடியில் அத்தான் கழற்றிப் போட்ட எஞ்சின் சாமான்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இவன் ஒரு பிஸ்ரனை எடுத்து அவர் கையில் வைத்தான். அவர் மருத்துவர் அல்ல, மருந்து தர முடியாது, ஆபத்து நேரத்தில் அவரை நம்பி இருக்கவும் கூடாது. ஆனால் கிளினிக்கும் இவரும் சேர்ந்தபோது ஒரு கால் மற்றக் காலுக்குத் துணையாயிற்று.

அவர் அக்காவையும் ஒருநாள் தனியாக உட்காரவைத்துக் கதைத்தார். 2009 ஐப் பற்றி அக்கா என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. இப்போது அக்காவுக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது.

கனடா மாமா பிடித்துத் தந்த தெரப்பிஸ்ற்றுக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு ஓட்டிசத்தைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், அதில் சந்தேகமில்லை. இந்தியத் தமிழ். திரையில் வந்து, "சாப்பிட்டியா கண்ணா?" என்றார். இவன் திரும்பி என்னைப் பார்த்து, "கண்ணன் ஆர்?" என்று கேட்டான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது, ஆகவே அந்த அமர்வுக்குக் கொடுத்த டொலர் வீணில்லை என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார். அந்தப் பெண் வெளிச்சம் குறைக்கும் சுவிச் போடச் சொன்னார். கரண்டே ஒழுங்காக நில்லாத கிழமை அது. நெற் அறுந்து அவர் முகம் உறைந்தபோது இவன் பயந்து எழுந்து போனான். பிறகு நாங்கள் அதை மாற்றினோம். அவன் திரைக்கு முன் வருவதில்லை. நானும் அக்காவும் மாதம் ஒருமுறை கதைக்கிறோம். அவர் சொல்லித் தந்தபடிதான் படத்தாள்கள் செய்தோம், ஒரு நாளின் வேலைகளை வரிசையாகச் சுவரில் ஒட்டினோம். பெற்றோருக்கு வழிகாட்ட வீடியோ நல்லது. பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பு நிற்க அதனால் முடியாது. நள்ளிரவில் இங்கே ஏதாவது என்றால் ரொறன்ரோவிலிருந்து யாரும் ஓட்டோ பிடித்து வரப்போவதில்லை.

கோயில் விசயத்தில் நான் அம்மம்மாவோடு சண்டை பிடிக்கவில்லை. நூல் கட்டினார், கட்டட்டும். முறிகண்டியில் தேங்காய் உடைத்தார், உடைக்கட்டும். அம்மன் கோயிலின் வருடப் பொங்கல் நாளில் வற்றாப்பளைக்கு அவனைக் கூட்டிப் போவதற்கு மட்டும் மறுத்தேன். அந்தச் சனமும் பறையும் அவனால் தாங்கேலாது. சனமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தோம், நந்திக்கடல் பக்கம் காற்று நல்லாக இருந்தது. ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையும் பிரம்பும் எடுக்கிறவர்கள், ஜெபத்தால் மாற்றுகிறோம், குளிசையை நிறுத்துங்கள் என்கிறவர்கள், இவர்கள் யாராக இருந்தாலும் படலைக்கு வெளியே. இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

இதுவரை சொன்ன ஒப்பீடெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்போது. பிள்ளை சாவதைப் பற்றிச் சொன்னால், தன்னைக் காயப்படுத்தினால், தண்ணீரே குடிக்காமல் இருந்தால், உறைந்துபோய் நின்றால், புதிதாக வலிப்பு வந்தால், கிட்டவா யாழ்ப்பாணமா கொழும்பா என்ற கதைக்கு இடமில்லை. எந்த வைத்தியசாலையின் அவசரப் பிரிவு கிட்டவோ அதற்கு அன்றைக்கே. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம். "தம்பி முடிஞ்சுது" என்ற அன்று இரவே நாங்கள் போயிருக்க வேண்டும். போகவில்லை, அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வைத்தியசாலை விடுதியில் (வார்ட்டில்) வைத்தால், இந்த வயதுக்காரனைப் பெரும்பாலும் பெரியவர்களின் விடுதியில்தான் வைப்பார்கள். துணைக்கு ஒருவர் நிற்க அனுமதியும், மூலைக் கட்டிலும் கேளுங்கள்.

1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். பிள்ளை போனில் கதைக்காது என்று நினைத்து விடாதீர்கள். பெற்றவர்கள் எடுத்துக் கேட்கலாம். மறுமுனையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தார். அது இருப்பது அங்கொடையில். விசர் என்றால் 'அங்கொடைக்கு அனுப்பு' என்று நாங்கள் பகிடிக்குச் சொல்லி வளர்ந்த அதே அங்கொடை. விடிய இரண்டு மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் "சொல்லுங்கோ அம்மா" என்றபோது எனக்கு அந்தப் பகிடிகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

வீட்டில் செய்தது ஒன்று உண்டு, அது எந்த டொக்டரையும்விட முந்தியது. வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். பூட்டி வைப்போம் என்றுதான் அத்தான் சொன்னார். வட மத்திய மாகாணக் கிராமங்களில் பூட்டுப் பெட்டி கொடுத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2017 இல் வெளிவந்தது. பெட்டியால் நஞ்சு குடிப்பது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே நேரம், கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை நாடே ஒவ்வொன்றாகத் தடை செய்து வந்ததில், 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு இலங்கையில் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கு எட்டாமல் இருப்பதுதான் காப்பு. போத்தல்கள் இப்போது வயல்காரர் ஒருவரின் கொட்டிலில் இருக்கின்றன, வீட்டிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால். கிணற்றுக்கு வலையும் போட்டாயிற்று.

இப்போது எப்படி என்று கேட்கிறார்கள். பல் பிடுங்கியாயிற்று. புதுக் குளிசை தொடங்கி நான்காம் மாதம். பள்ளிக்கூடம் கிழமைக்கு மூன்று அரை நாள். சோறு கொஞ்சம், முட்டை நிறைய. இரவில் இன்னும் எழும்பி நடக்கிறான். போன கிழமை றோட்டால் ஒரு உழவு இயந்திரம் போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுக் கை ஒரு கணம் நின்றது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

தை மாதம் டொக்டருக்கு இடமாற்றம் வரலாம் என்று மிஸ் சொன்னார். வரப்போகிறவர் யாரென்று தெரிந்தவுடன், அவரிடம் கேட்டு ஒரு படம் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். சுவரில் ஒட்டியிருக்கும் வரிசையில், வாங்குக்கும் கதவுக்கும் பிறகு, அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.